கோல்ஃப் ஸ்விங்கில் மணிக்கட்டும் கையும்: எந்த உணர்வை நம்புவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். வலது கை ஆட்டக்காரர். வருஷக்கணக்கில் கிரிக்கெட் ஆடிவிட்டு நாற்பதை நெருங்கும்போது கோல்ஃபுக்கு வந்தவர். 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) ஓரளவு போகிறது. டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) எடுத்தால் பந்து இடதுபக்கம் கிளம்பி, வலதுபக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. கோச் “லேகைக் கடைசி வரைக்கும் விடாதீங்க சார்” என்கிறார். லேக் என்றால், கீழே வரும்போது கிளப் கைக்குப் பின்தங்கி நிற்கும் கோணம். யூடியூபில் ஒருவர் “டஸ்டின் ஜான்சன் மாதிரி இடது மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள்” என்கிறார். கூட ஆடும் பெரியவர் “கையை லூசா விடுங்க தம்பி, கிளப் தானா வரும்” என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது, கையும் மணிக்கட்டும் எப்படி உணர வேண்டும்?

மூன்றுமே யாரோ ஒருவருக்குச் சரியான ஆலோசனைதான். உங்களுக்கு இப்போது வேண்டியது யூடியூப்காரர் சொன்னதில் கொஞ்சம், பெரியவர் சொன்னதில் நிறைய. லேகைப் பிடித்து வைக்கும் யோசனையை மட்டும் ஒரு ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். ஸ்லைஸ், அதாவது இப்படி வலதுபக்கம் வளையும் பந்து, அடிப்பவரிடம் அதைச் சொல்வதே தவறு என்பது என் கட்சி. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த ‘உணர்வு’ எவ்வளவு நம்பகமானது என்று பார்ப்போம். டவுன்ஸ்விங், அதாவது மேலே இருந்து பந்து வரைக்கும், நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய கால் நொடி. எதையாவது கவனித்து, முடிவெடுத்து, தசையை அசைக்க மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி தேவைப்படுகிறது. கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம், அதாவது இம்பேக்ட், ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆக, வரும் வழியில் மணிக்கட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “இம்பேக்டில் கை இப்படி இருந்தது” என்று நாம் சொல்வதெல்லாம் பந்து போன பிறகு கையில் மிச்சமிருக்கும் அதிர்வை வைத்துச் சொல்வது. அதனால், உணர்வால் சரிசெய்ய வேண்டியதெல்லாம் கிரிப்பிலும் (கிளப்பைப் பிடிக்கும் விதம்) பேக்ஸ்விங்கிலும் (கிளப்பைப் பின்னால் மேலே கொண்டுபோவது) டவுன்ஸ்விங் தொடங்கும் கணத்திலும்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், அளவு. மணிக்கட்டை ஐந்து டிகிரி மாற்றினால் நாற்பது டிகிரி மாற்றியது போலத் தோன்றும். “ரொம்ப ஓவரா மடக்கிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வீடியோவைப் பார்த்தால் பழைய ஸ்விங்கே ஓடிக்கொண்டிருக்கும். பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில் தினமும் பார்க்கும் காட்சி இது. போனில் ஸ்லோ மோஷன் வைத்து எடுங்கள். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் உங்கள் டவுன்ஸ்விங் முழுவதும் ஏழெட்டுப் படங்களில் முடிந்துவிடும். 240 ஃபிரேமில் அறுபது கிடைக்கும். அப்போதும் பந்தைத் தொடும் கணம் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் நழுவிவிடும். பரவாயில்லை, நமக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிறது.

இப்போது ஒரு 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். இடது கையில் வாட்ச் கட்டி, ஸ்ட்ராப்புக்கு அடியில் ஸ்கேலைச் செருகி, அது புறங்கை மேல் படுத்திருக்கும்படி விடுங்கள். அதே கையால் ஒரு கிளப்பைப் பிடியுங்கள். மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடக்கினால் புறங்கை ஸ்கேலை முட்டித் தள்ளும். மணிக்கட்டின் மேல்பக்கம் தோல் சுருங்கிக் குழி விழும். இதைத்தான் கப் என்கிறார்கள். உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் கை ஸ்கேலை விட்டு விலகி இடைவெளி தெரியும். இரண்டுக்கும் நடுவில், ஸ்கேல் புறங்கையோடு ஒட்டிப் படுத்திருந்தால் ஃபிளாட். இதைச் செய்யும்போது கிளப்ஃபேஸை, அதாவது பந்தில் படும் முகத்தை, பாருங்கள். கப் ஆகும்போது ஃபேஸ் திறக்கிறது (வலதுபக்கம் திரும்புகிறது), உள்ளே மடங்கும்போது மூடுகிறது (இடதுபக்கம் திரும்புகிறது). உங்கள் ஸ்லைஸின் பாதிக் கதை இந்த ஸ்கேலில் இருக்கிறது.

மணிக்கட்டுக்கு இன்னொரு அசைவும் உண்டு. கட்டைவிரல் பக்கமாக மேலே தூக்குவது, சுண்டுவிரல் பக்கமாகக் கீழே இறக்குவது. சுத்தியல் அடிக்கும் அசைவு. ஹிஞ்ச் என்று சொல்வது இதைத்தான். இது கைக்கும் கிளப்புக்கும் நடுவே கோணம் உண்டாக்கி வேகம் தரும். ஃபேஸை நேரடியாகத் திறக்கவோ மூடவோ செய்யாது. மூன்றாவது அசைவு சுழற்சி. அது மணிக்கட்டில் நடப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் புரள்வதால் வருகிறது. “ரிஸ்ட்டை ரோல் பண்ணு” என்று யாராவது சொன்னால் உங்கள் கவனம் முன்கைக்குப் போக வேண்டும். மணிக்கட்டில் தேடினால் ஹிஞ்சைக் கலைத்துவிட்டு, ரோல் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஃபேஸுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை முக்கால் பங்குக்கும் மேல் தீர்மானிப்பது இம்பேக்டில் ஃபேஸ் பார்க்கும் திசை. டிரைவரில் அது இன்னும் அதிகம். பாதை அதற்கு அடுத்ததுதான். பந்து வளைவது, ஃபேஸுக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். ஃபேஸ் ஒரு டிகிரி தப்பினால் 200 மீட்டர் தூரத்தில் மூன்றரை மீட்டர் விலகல், வளைவு தனி. உங்கள் பந்து இடதுபக்கம் கிளம்பி வலதுபக்கம் வளைகிறது என்றால், கிளப் வெளியிலிருந்து உள்ளே, இடதுபக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. ஃபேஸ் அந்தப் பாதையைவிடத் திறந்திருக்கிறது. பல பேர் பாதையை மட்டும் திருத்தப் பார்க்கிறார்கள். ஆனால் பாதை அப்படிப் போவதற்குக் காரணமே திறந்த ஃபேஸ்தான். வலதுபக்கம் போகும் பந்தைப் பார்த்துப் பார்த்து, உடம்பு தன்னறியாமல் இடதுபக்கம் இழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

இந்தத் திறந்த ஃபேஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: கிரிக்கெட். நம் ஊரில் நேர் பேட்டால் ஆடக் கற்றுக்கொடுக்கும்போது என்ன சொல்வார்கள்? முன் முழங்கை உயரட்டும், மேல் கை வழிநடத்தட்டும், கீழ் கை மென்மையாகப் பிடிக்கட்டும், பேட்டின் முகத்தைப் பந்து வந்த திசைக்கே காட்டு. கவர் டிரைவுக்கு அது அழகு. கோல்ஃபில் அதே முழங்கை உயர்ந்தால் சிக்கன் விங். இடது முழங்கை மடிந்து வெளியே தள்ள, முன்கை புரள முடியாமல், ஃபேஸ் திறந்தபடியே பந்தைத் தாண்டிப் போகும். கிரிப்பும் அப்படியே. பேட் பிடித்துப் பழகிய இடது கை, கிளப்பில் புறங்கை இலக்கை நேராகப் பார்க்கும்படி அமர்ந்துவிடும். கோல்ஃபில் அது வீக் கிரிப், ஃபேஸைத் திறக்கும் பிடி. குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் கணுக்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு கணு தெரிந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள். இரண்டு வாரம் அசௌகரியமாக இருக்கும். வேறு யாருடைய கையையோ கடன் வாங்கிப் பிடித்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

கிரிப்பைச் சொல்லாமல் மணிக்கட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை என்பதற்கு அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனைவிட நல்ல சாட்சி கிடையாது. ஹோகனின் நோய் உங்களுக்கு நேர் எதிர்: ஹூக். பந்து இடதுபக்கம் சுருண்டு விழுந்து அவருடைய ஆரம்ப வருஷங்களைத் தின்றது. 1940களின் நடுவில் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். இடது கையைக் கிளப்பில் கொஞ்சம் இடதுபக்கமாக, அதாவது வீக்காக நகர்த்திக்கொண்டார்; பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டைக் கப் செய்தார். இரண்டும் ஃபேஸைத் திறக்கும் வேலைகள். அதற்கப்புறம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்து இடதுபக்கம் போகாது என்ற தைரியம் வந்தது. 1948, 1950, 1951, 1953 என நான்கு முறை யு.எஸ். ஓப்பன் வென்றார். 1955-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் இந்த ரகசியத்தை வெளியிட்டார். அதைப் படித்து அப்படியே செய்துபார்த்த சாதாரண ஆட்டக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களில் ஸ்லைஸ் அடிப்பவர்கள்தான் அதிகம். ஹூக்குக்கான மருந்தை ஸ்லைஸ்காரன் குடித்தால் பந்து பக்கத்து ஃபேர்வேயையும் (வெட்டிய புல்வெளி ஆடுபாதை) தாண்டித்தான் விழும்.

ஹோகனின் மணிக்கட்டு இம்பேக்டில் கப் ஆக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1957-இல் வந்த அவருடைய பாடங்களில், பந்தை அடிக்கும்போது இடது மணிக்கட்டு இலக்கை நோக்கிப் புடைத்திருக்க வேண்டும் என்று படம் போட்டே விளக்கினார். மேலே கப், கீழே அதற்கு எதிர். நடுவில் முன்கையும் உடம்பும் சேர்ந்து அந்த மாற்றத்தைச் செய்தாக வேண்டும். அவர் அளவுக்குப் பயிற்சி செய்தவருக்கு அது முடிந்தது.

இப்போது டஸ்டின் ஜான்சன். 2016 யு.எஸ். ஓப்பனும் 2020 மாஸ்டர்ஸும் வென்றவர். உச்சியில் இடது மணிக்கட்டு வளைந்து நிற்கும் அளவைப் பார்த்தால் வலிக்காதா என்று கேட்கத் தோன்றும். காலின் மொரிகாவா, ஜான் ராம், விக்டர் ஹோவ்லண்ட் எல்லாரும் இதே கட்சி. ஃபேஸ் மேலேயே மூடிவிடுவதால், கீழே வரும்போது கையால் மூட வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. பதிலாக உடம்பை வேகமாகத் திருப்பி, ஃபேஸ் இடதுபக்கம் பார்த்துவிடாமல் காக்கிறார்கள். இம்பேக்டில் ஜான்சனின் இடுப்பு இலக்குப் பக்கம் நன்றாகத் திறந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தத் திருப்பம் இல்லாமல் மணிக்கட்டை மட்டும் காப்பியடித்தால் பந்து இடதுபக்கத் தரையில் ஓடும். எதிர்க்கட்சியில் ஃபிரெட் கபிள்ஸ். ஸ்ட்ராங் கிரிப், உச்சியில் நல்ல கப், சோம்பேறித்தனமாகத் தெரியும் ஸ்விங், 1992 மாஸ்டர்ஸ் பட்டம். கிரிப்பே ஃபேஸை மூடிவிடுவதால் அவருக்குக் கப் பாதகமில்லை.

உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது கொஞ்சமே: கிரிப்பைச் சரிசெய்த பிறகும் உச்சியில் வீடியோ கப் காட்டினால், டவுன்ஸ்விங் தொடங்கும்போது இடது கை விரல் கணுக்கள் தரையைப் பார்க்கப் போவது போல உணருங்கள். ஜான்சன் அளவு வேண்டாம், ஃபிளாட்டுக்கு வந்தாலே போதும். ஆனால் ஃபிளாட்டுக்கு வர, ஜான்சனைத் தாண்டியது போல உணர வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

இதைச் செய்யத் தொடங்கியதும் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பந்து வளையாமல், நேராக இடதுபக்கம் போகும். வேலிக்கு வெளியே கூடப் போகும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் பயந்து பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இது நல்ல செய்தி. ஃபேஸ் சரியாகிவிட்டது, பழைய இடதுபக்கப் பாதை மட்டும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து இடதுபக்கம் போகும் பந்தைப் பார்த்தால் உடம்பே பாதையை வலதுபக்கம் நகர்த்தத் தொடங்கும். எப்படி ஸ்லைஸைப் பார்த்துக் கெட்டதோ, அதே வழியில் இதைப் பார்த்துத் திருந்தும்.

சரி, லேக். சர்ஜியோ கார்சியாவின் டவுன்ஸ்விங் போட்டோவைப் பார்த்து மயங்காதவர் இல்லை. கைகள் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டன, கிளப் இன்னும் தோளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டோவைப் பார்த்தால் அவர் பிடித்து வைத்திருப்பது போலத் தெரியும். 1960களில் பிரிட்டனில் விஞ்ஞானிகள் கோல்ஃப் ஸ்விங்கை ஆராய்ந்தபோது, அதை இரண்டு ஊசல்களாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். தோளிலிருந்து தொங்கும் கை ஒன்று, அதன் நுனியில் தொங்கும் கிளப் இன்னொன்று, நடுவில் கீலாக மணிக்கட்டு. அந்தக் கணக்கில் தெரிந்தது: மேல் ஊசலைச் சரியான நேரத்தில் சரியான வேகத்தில் சுழற்றினால், கீல் சும்மா இருந்தாலே கிளப் வெளியே வீசப்பட்டு அதிகபட்ச வேகத்தை எட்டிவிடும். கிளப்ஹெட் வேகம் எடுக்க எடுக்க, கை வேகம் குறையும். அந்த வேகம்தான் கிளப்புக்குப் போகிறது.

மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக் கோணத்தைக் காப்பாற்றும்போது இந்தப் பரிமாற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறீர்கள். கிளப்ஹெட் பின்தங்கிவிடும், ஃபேஸ் திறந்தே வரும், பந்து வலதுபக்கம் போகும். இன்னும் கஷ்டப்பட்டுப் பிடித்தால் கிளப்பின் கழுத்தில் பட்டு ஷாங்க் ஆகும். லேக் இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. உச்சியில் ஃபேஸ் திறந்திருந்தால், அதை மூட உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி கிளப்பைச் சீக்கிரம் வீசிவிடுவது. கேஸ்டிங் என்று திட்டு வாங்குவது இதற்குத்தான். ஃபேஸ் சரியானால் வீச வேண்டிய அவசியம் போய்விடும், கோணம் தானாகவே கொஞ்சம் கூடுதலாக நிற்கும். உங்கள் கோச் படத்தில் பார்த்தது உண்மையாக இருக்கலாம். அவர் சொன்ன மருந்து மட்டும் வரிசை மாறி வந்திருக்கிறது.

பெரியவரின் ‘லூசா விடுங்க’ இங்கேதான் பொருந்துகிறது. ஆனால் அதிலும் ஒரு எல்லை இருக்கிறது. கிளப்ஹெட் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பந்தை அடையும்போது, அது கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கும் இழுப்பு கிட்டத்தட்ட 30 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். உண்மையிலேயே லூசாக விட்டால் கிளப் ரேஞ்சுக்குள் பறந்துவிடும். நல்ல ஆட்டக்காரரின் பிடி மென்மையாகத் தொடங்கி, கீழே வரும்போது இழுப்புக்குத் தகுந்த மாதிரி தானாக இறுகுகிறது. ஆரம்பத்திலேயே இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் முன்கை வழியாக முழங்கைக்கும் தோளுக்கும் ஏறிவிடும். இறுக்கம் எங்கே இருக்க வேண்டும் என்றால், இடது கையின் கடைசி மூன்று விரல்களில். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடுக்கி மாதிரி கவ்வக் கூடாது. ஆனால் ஆள்காட்டி விரலின் அடிக்கணு ஷாஃப்டின் (கிளப்பின் தண்டு) பின்பக்கத்தில் படிந்திருக்க வேண்டும். பேக்ஸ்விங் முடிந்து திரும்பும் கணத்தில் அந்த ஒரு இடத்தில் கிளப்பின் எடை அழுத்துவது தெரியும். லேகை உணர வேண்டும் என்றால் அந்த அழுத்தத்தை உணருங்கள், அது போதும்.

கையைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை: இடது கை நீட்டி விறைப்பாக இருக்க வேண்டும். கால்வின் பீட்டுக்குச் சிறுவயதில் இடது முழங்கை உடைந்து சரியாகச் சேரவில்லை; அவரால் அந்தக் கையை முழுதாக நீட்டவே முடியாது. அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை பத்து வருஷம் தொடர்ந்து, டிரைவரை ஃபேர்வேயில் போடுவதில் டூரிலேயே முதலிடம். அவருக்கு முன்னால் எட் ஃபர்கோல், முழங்கை மடிந்தபடியே இறுகிப்போன இடது கையோடு 1954 யு.எஸ். ஓப்பனை வென்றார். கை நீண்டிருந்தால் வட்டம் பெரிதாகும், நல்லதுதான். விறைப்பாக்கினால் மட்டும் தோள் சுழற்சி நின்றுவிடும். நீளமாக, ஆனால் தசை தளர்வாக என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது முழங்கை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்: டவுன்ஸ்விங்கில் அது விலாவை ஒட்டி இறங்க வேண்டும். வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் கிளப்பும் வெளியிலிருந்துதான் வரும், மணிக்கட்டு என்ன செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

ரேஞ்சுக்குப் போனால் டிரைவரை பையிலேயே விடுங்கள். 8 அயர்ன், சின்ன டீ (பந்தை வைக்கும் குச்சி), கை இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் போகும் பாதி ஸ்விங். பேக்ஸ்விங்கில் கிளப் தரைக்கு இணையாக வந்ததும் நின்று பாருங்கள்: ஸ்கேல் இருந்தால் எப்படிப் படுத்திருக்கும்? பிறகு அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள். கிளப்பின் டோ (தலையின் வெளி நுனி) வானத்தைப் பார்த்தோ, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தோ இருந்தால் முன்கை புரண்டிருக்கிறது. ஃபேஸ் வானத்தைப் பார்த்து, இடது முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவர் டிரைவ் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பந்து நேராகவோ லேசாக இடதுபக்கம் வளைந்தோ போகத் தொடங்கியதும் முக்கால் ஸ்விங், அப்புறம் முழு ஸ்விங், கடைசியில் டிரைவர்.

செயற்கைப் புல் பாயில் நூற்றுக்கணக்கில் பந்து அடிக்காதீர்கள். மண்ணில் கிளப் உள்ளே போகும். பாயில் அந்த அதிர்ச்சி மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வரும். இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, கிளப்பின் பின்முனை அழுத்தும் இடத்தில் ஒரு சின்ன எலும்புக் கொக்கி இருக்கிறது. கோல்ஃபர்களுக்கு அது முறிவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த இடத்தில் விடாத வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாமல், எலும்பு மருத்துவரிடம் கோல்ஃப் ஆடுவதைச் சொல்லிக் காட்டுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் முழு ஸ்விங்குக்கு. சிப், அதாவது குழி இருக்கும் கிரீனுக்கு அருகிலிருந்து போடும் சின்ன அடி, செய்யும்போது கணக்கு வேறு. அங்கே வேகம் தேவையில்லை, இடது மணிக்கட்டு தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கலாம், கையும் மார்பும் சேர்ந்தே நகரலாம். டிரைவருக்கான உணர்வைச் சிப்புக்கு எடுத்துப்போனால் பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு கிரீனைத் தாண்டிவிடும்.

கணுக்கள் தரையைப் பார்க்கும் அந்த உணர்வுக்கும் ஆயுள் குறைவு. சில மாதங்களில் ஒருநாள் பந்து இடதுபக்கம் சுருளத் தொடங்கும். அன்றைக்கு இன்னும் அதிகமாக மடக்கிப் பார்க்காமல், முதலில் கிரிப்பில் எத்தனை கணு தெரிகிறது என்று எண்ணுங்கள். நான்கு தெரிந்தால் இடது கையைக் கொஞ்சம் இடதுபக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். மூன்றே தெரிந்தால் மணிக்கட்டு உணர்வை விட்டுவிட்டு இடுப்பைத் திருப்புவதில் கவனம் வையுங்கள். கோச்சிடம் போகும்போது பின்பக்கத்திலிருந்து எடுத்த ஸ்லோ மோஷன் வீடியோவைக் கொண்டுபோய், “உச்சியில் என் ஃபேஸ் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா சார்?” என்று கேளுங்கள். லேகைப் பற்றி அவர் சொல்வதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.